பழைய மலையகப் பதிவுக்கு வாசகர் வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஹட்டன், பண்டாரவளை, பதுளை, நுவரெலியா பற்றிப் பத்து வருடங்களுக்கு முன் எழுதிய வலைப்பதிவை இன்று யாரும் வாசிப்பதில்லை என்றால், அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதத்தான் கை துடிக்கும். அவசரப்பட வேண்டாம். பழைய முகவரிக்கு மற்ற தளங்களிலிருந்து வரும் இணைப்புகள், தேடுபொறியில் அதற்கு இருக்கும் வயது, வாட்சப் குழுக்களில் எப்போதோ பகிரப்பட்ட சுட்டிகள் எல்லாம் அழித்த நிமிடமே போய்விடும்.

வாசகர் குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. திருத்தமும் காரணத்துக்கு ஏற்ப மாறும். எழுத்துருவில் கோளாறு இருக்கும்போது தலைப்பை அழகாக்கிப் பயனில்லை. சம்பளக் கணக்கு பிழையாக இருக்கும்போது படத்தை மாற்றிப் பயனில்லை. முதலில் அறிகுறியைப் பாருங்கள். பிறகு, கெட்டுப்போன இடத்தில் மட்டும் கை வையுங்கள்.

தொடங்கும் முன்

முதல் வேலை பிரதி எடுத்தல். பிளாகரில் அமைப்புகள் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் உள்ளடக்கத்தைப் பிரதி எடுக்கும் வசதி இருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸில் கருவிகள், பின் ஏற்றுமதி. அந்தக் கோப்பைக் கணினியில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வையுங்கள்.

அடுத்து கூகுள் சேர்ச் கன்சோல். உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று காட்டும் கருவி இது. இலவசம். உங்கள் தளத்தை அதில் இன்னும் இணைக்கவில்லை என்றால் இன்றே இணைத்துவிட்டு, தரவு சேர ஓரிரு வாரம் பொறுங்கள். செயற்றிறன் அறிக்கையில் 16 மாதத் தரவு வரை பார்க்கலாம். பக்கங்கள் என்ற பட்டியலில் உங்கள் பதிவைத் தொட்டுவிட்டுத் தேடற்சொற்கள் பக்கம் போனால், எந்தெந்தச் சொல்லைத் தட்டியவர்களுக்கு அந்தப் பதிவு காட்டப்பட்டது என்று தெரியும். பார்க்க வேண்டிய எண்கள் மூன்று: எத்தனை முறை தேடலில் தோன்றியது, எத்தனை முறை சொடுக்கப்பட்டது, சராசரியாக எத்தனையாவது இடம். கீழே வருவதெல்லாம் இந்த மூன்றையும் வைத்துத்தான்.

அறிகுறி: தேடலில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை

தோன்றிய எண்ணிக்கை பூச்சியம் அல்லது அதை ஒட்டி இருந்தால், கூகுளுக்கு அந்தப் பக்கத்தைத் தெரியாது, அல்லது தெரிந்தும் அதைத் தமிழாக வாசிக்க முடியவில்லை. கன்சோலின் மேலே இருக்கும் முகவரி ஆய்வுப் பெட்டியில் பதிவின் முகவரியை ஒட்டுங்கள். பக்கம் இண்டெக்ஸில், அதாவது கூகுளின் தேடல் பட்டியலில், இல்லை என்று வந்தால், அது காட்டும் காரணத்தைப் படித்துவிட்டு, வேர்ட்பிரஸ் என்றால் வாசிப்பு அமைப்பில் தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டியில் சரி அடையாளம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வடிவமைப்பு மாற்றும்போது தற்காலிகமாகப் போட்டதை எடுக்க மறப்பது அடிக்கடி நடக்கிறது.

பக்கம் இண்டெக்ஸில் இருந்தும் தோன்றவில்லை என்றால் எழுத்துருவைச் சந்தேகியுங்கள். இலங்கையில் அச்சகங்களிலும் பத்திரிகைகளிலும் நீண்டகாலம் ஆட்சி செய்தது பாமினி என்ற எழுத்துரு. அதில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டிய பதிவுகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. பதிவிலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்து வாட்சப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகத் தெரிந்தால் அது யுனிகோட், எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறியீட்டு முறை. ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டினால் பாமினி அல்லது அதைப் போன்ற ஒன்று. பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. உங்கள் கணினியில் எழுத்துரு இருப்பதால் உங்களுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கும் கைப்பேசி வாசகருக்கும் தெரிவது அந்த ஆங்கிலக் குப்பை மட்டுமே.

மாற்றும் முறை இது. பதிவைத் திரையில் தெரியும் நிலையிலிருந்தே பிரதி எடுங்கள், எச்.டி.எம்.எல். மூலத்திலிருந்து எடுக்க வேண்டாம். மூலத்தில் வெற்றிடத்துக்கும் கோண அடைப்புக்குறிக்கும் நிற்கும் குறியீடுகள் அரைப்புள்ளியில் முடியும். எழுத்துருவை மாற்றும் கருவி அதையெல்லாம் மெய்ப்புள்ளியாக்கிவிடும். பாமினியில் ‘ஈ’ எழுத்து உட்கார்ந்திருப்பதே ஒரு கோண அடைப்புக்குறியில்தான் என்பதால் சேதம் இன்னும் கூடும். பதிவுக்குள் உண்மையான ஆங்கிலச் சொற்கள், இணைய முகவரிகள் இருந்தால் மாற்றுவதற்கு முன் அவற்றை வெளியே எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் அவையும் பொருளற்ற தமிழாக மாறிவிடும். தலைப்பையும் படக்குறிப்புகளையும் தனியாக மாற்றுங்கள். இலவச மாற்றிகள் இணையத்தில் பல உண்டு. பாமினியிலிருந்து யுனிகோட் என்று தேடினால் போதும்.

மாற்றியபின் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. கண்ணுக்குச் சரியாகத் தெரிந்து, தேடலில் மட்டும் பிடிபடாத பிழைகள் சில தங்கிவிடும். மிகப் பெரியது ‘ர்’ எழுத்துக்குப் பதில் துணைக்காலும் புள்ளியும் சேர்ந்து நிற்பது. ‘தொழிலாளா்’ என்று இருப்பதும் ‘தொழிலாளர்’ என்று இருப்பதும் பல திரைகளில் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முன்னதில் ரகரமே இல்லை. மலையகம் பற்றிய பதிவில் இந்தச் சொல் எத்தனை தடவை வரும் என்று எண்ணிப் பாருங்கள், அத்தனையும் வீண். திருத்துவது எளிது. கண்டுபிடி, மாற்று வசதியில் ‘ா்’ என்பதை ‘ர்’ ஆகவும், ‘ாி’ என்பதை ‘ரி’ ஆகவும், ‘ாீ’ என்பதை ‘ரீ’ ஆகவும் மொத்தமாக மாற்றுங்கள். துணைக்காலுக்குப் பின் புள்ளியோ இகர, ஈகாரக் குறியோ தமிழில் வரவே வராது என்பதால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம்.

ஔகாரத்தில் அப்படிச் செய்யக் கூடாது. ‘பௌர்ணமி’ என்பது ‘பெ’ எழுத்தோடு ‘ள’ சேர்ந்து ‘பெளர்ணமி’ ஆகியிருக்கும். இதை மொத்தமாக மாற்றப் போனால் ‘வெளி’, ‘தெளிவு’ எல்லாம் சிதைந்துவிடும். பௌர்ணமி, பௌத்தம், கௌரவம், மௌனம் என்று சொல் சொல்லாகத் தேடித் திருத்துங்கள். எழுத்துக்கு முன்னோ பின்னோ புள்ளி வட்டம் தெரிந்தால் அங்கே கொம்பும் மெய்யும் வரிசை மாறிக் கிடக்கின்றன. அழித்துவிட்டுக் கையால் தட்டுங்கள். ‘எ’ எழுத்துக்குப் பதில் தமிழ் இலக்கமான ‘௭’ நிற்கிறதா என்றும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

கவிதையையோ பத்திரிகைத் துணுக்கையோ படமாக மட்டும் போட்டிருந்தால், படத்தை வைத்துக்கொண்டு அதன் கீழே முழுவதையும் தட்டச்சு செய்யுங்கள். முடிந்ததும் முகவரி ஆய்வில் மீண்டும் இண்டெக்ஸ் கோருங்கள். ஒரு தடவை போதும். நாளுக்கு நாள் அழுத்துவதால் வேகம் கூடாது.

அறிகுறி: நிறையத் தோன்றுகிறது, யாரும் சொடுக்கவில்லை

முதல் பத்து இடங்களுக்குள் நின்றும் சொடுக்கு விழவில்லை என்றால் தலைப்பில்தான் குறை. ‘பனி மூடிய மலைகளின் மடியில்’ என்ற தலைப்பு வாசிக்க இனிக்கும். தேடுகிறவர் எவரும் அப்படித் தட்டமாட்டார். அவர் தட்டுவது ‘நானுஓயா நுவரெலியா பஸ்’. அழகான தலைப்பை உள்ளே முதல் உபதலைப்பாக வைத்துக்கொண்டு, மேலே ‘நானுஓயா ஸ்டேஷனிலிருந்து நுவரெலியா டவுனுக்கு: பஸ், ஓட்டோ, தூரம்’ என்று நேராகச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துகள் அகலமானவை. கைப்பேசித் தேடலில் நீளமான தலைப்பு பாதியில் வெட்டப்படும். ஊரும் விஷயமும் முதல் ஐந்து சொற்களுக்குள் வந்துவிட வேண்டும்.

ஊர்ப்பெயர் எழுத்துக்கூட்டலையும் கவனிக்க வேண்டும். ஹட்டன், அட்டன், ஹப்புத்தளை, அப்புத்தளை, நுவரெலியா, நுவரேலியா, எல்ல, எல்லா என்று ஆளுக்கொரு விதமாகத் தட்டுகிறார்கள். தமிழ்நாட்டு வாசகர் ‘எல்லா’ என்றே தேடுவார். கன்சோலின் தேடற்சொற்களில் அதிகம் வருவது எதுவோ அதைத் தலைப்பில் வையுங்கள். மற்றதை உடலில் ஓரிடத்தில் வாக்கியத்தோடு வாக்கியமாகச் சேருங்கள். எல்லா வடிவங்களையும் பதிவின் அடியில் மூட்டையாகக் கொட்டுவது வேண்டாம். வாசகருக்கும் எரிச்சல், தேடுபொறிக்கும் பிடிக்காது.

பிளாகரில் தேடல் விளக்கம் என்பது முதலில் அமைப்புகளில் இயக்கினால்தான் பதிவின் வலப்பக்கப் பட்டையில் தோன்றும். இயக்கிவிட்டு, பதிவில் என்ன கிடைக்கும் என்பதை இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள்.

அறிகுறி: முன்பு நன்றாக வந்தது, வருடா வருடம் கரைகிறது

மலையகப் பதிவுகளில் அதிகம் காண்பது இதுதான். நேரம் செலவழிக்க வேண்டியதும் இங்கேதான். பதிவில் சொன்னது காலாவதியாகிவிட்டது. வாசகர் வந்து, பார்த்து, நம்பாமல் திரும்புகிறார்.

பதிவை அச்செடுத்து அல்லது திரையில் வைத்துக்கொண்டு, கெட்டுப்போகக்கூடிய ஒவ்வொரு தகவலையும் மஞ்சளால் குறியுங்கள். விலை, கட்டணம், நேரம், தொலைபேசி எண், பதவியிலிருப்பவர் பெயர், சட்டம், எல்லை, பாதை. பிறகு ஒவ்வொன்றையும் எப்படித் திருத்துவது என்று தனித்தனியே முடிவெடுங்கள். எல்லாவற்றையும் புதிய எண்ணால் மூடிவிடுவது சரியல்ல.

தோட்டத் தொழிலாளர் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். 2019 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். 2021 இல் சம்பள நிர்ணய சபை வழியாக 1,000 ரூபாய் ஆனது. அதில் அடிப்படை 900, வரவுசெலவுத் திட்டக் கொடுப்பனவு 100. 2024 மே மாதம் 1,700 என்று வர்த்தமானி வந்து, பின்னர் அது மீளப்பெறப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் அடிப்படை 1,350 ஆனது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் சம்பளம் 1,550, அதோடு அரசாங்கம் தரும் வருகை ஊக்குவிப்பு 200, மொத்தம் 1,750 என்று அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் ‘1,700 கிடைத்துவிட்டது’ என்று உற்சாகமாக எழுதிய பதிவு திருத்தப்படாமல் கிடந்தால், இன்று அதை வாசிக்கும் பிள்ளை தவறான எண்ணைப் பாடசாலைக் கட்டுரையில் எழுதும்.

இதற்கு நல்ல வழி, பழைய எண்ணை அழிக்காமல் ஆண்டுவாரியான சிறு அட்டவணை போடுவது. ஆண்டு, தொகை, எந்த வழியில் வந்தது, அடிப்படையா மொத்தமா என்று நான்கு நிரல்கள். அடிப்படையையும் மொத்தத்தையும் கலப்பதுதான் இந்தப் பதிவுகளில் காணும் பெரும் பிழை. 700 ஐயும் 1,000 ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘300 கூடியது’ என்று எழுதினால் கணக்கே தப்பு. அடிப்படைக்கு அடிப்படை ஒப்பிட்டால் 200 தான். புதிய சம்பளம் வரும்போது ஒரு வரி சேர்த்தால் போதும், பதிவு ஒவ்வொரு முறையும் உயிர்பெறும். 2019 இன் 700 ரூபாய் இன்று செய்தியல்ல, ஆவணம். எமது மக்களின் கூலி வரலாற்றை யார் தமிழில் வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தால் அதன் அருமை தெரியும். தயவுசெய்து அழிக்காதீர்கள்.

விலைவாசிக்கு அட்டவணை உதவாது. 2022 மார்ச்சில் ரூபாய் விழுந்தபின், அதற்கு முன் எழுதிய தங்குமிட வாடகை, ஓட்டோக் கட்டணம், சாப்பாட்டு விலை எதுவும் இன்றைக்குப் பொருந்தாது. அவற்றை எடுத்துவிடுங்கள். இப்போதைய விலை தெரிந்தால் மாதமும் ஆண்டும் சேர்த்துப் போடுங்கள். தெரியாவிட்டால் எண்ணே வேண்டாம்.

ரயில் பதிவுகளில், நேர அட்டவணையை முழுதாகத் தட்டச்சு செய்து வைப்பதை விட்டுவிடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகப் பாதையைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. அதற்கு முன் எழுதிய நேரங்களை நம்பி ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் பழி உங்கள் பதிவுக்குத்தான். நேரத்துக்கு ரயில்வே திணைக்களத்தின் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, மாறாததை விரிவாக எழுதுங்கள். ஹட்டனுக்குப் பின் கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்று ஏறி, 1,898 மீற்றர் உயரத்தில் பட்டிப்பொல. பிறகு ஒஹிய, ஹப்புத்தளை, தியத்தலாவ, பண்டாரவளை, எல்ல, தெமோதர, பதுளை என்று இறக்கம். ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரவுக்கும் இடையில். பாதை பதுளையை எட்டியது 1924 இல். இந்தப் பகுதி நன்றாக இருந்தால் பதிவு பல வருடம் நிற்கும்.

நிர்வாக எல்லைகள் பலர் கண்ணில் படாமல் போகும் இடம். நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டு பிரதேச சபைகள், 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் ஆறாகப் பிரிக்கப்பட்டன. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை இன்று தனிச் சபைகள். ‘வீதி விளக்குக்கு எங்கே முறையிடுவது’ போன்ற பதிவு பழைய சபைக்கு ஆளை அனுப்பிக்கொண்டிருந்தால், அது உதவாத பதிவு மட்டுமல்ல, ஒருவரின் ஒரு நாள் சம்பளத்தைத் தின்னும் பதிவு.

அறிகுறி: ஒவ்வொரு வருடமும் அதே மாதங்களில் விழுகிறது

இது கோளாறே அல்ல. சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு முடியும். ஜூனில் அந்தப் பதிவுக்கு ஆள் வராது. நுவரெலியாவுக்கு ஏப்ரல் வசந்த காலம். போன மாதத்தோடு ஒப்பிடாமல், போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். திருத்துவதென்றால் பருவத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பாகத் திருத்துங்கள்: மலைப் பதிவுக்கு ஒக்டோபர், வசந்த காலத்துக்குப் பெப்ரவரி. பருவம் தொடங்கியபின் திருத்தினால் தேடுபொறி கவனிப்பதற்குள் கூட்டம் இறங்கிவிடும்.

அறிகுறி: ஒரே விஷயத்துக்கு உங்கள் பதிவுகளே மாறி மாறித் தோன்றுகின்றன

‘லயன் வீட்டு வாழ்க்கை’ பற்றி 2011, 2014, 2019 என்று மூன்று பதிவு இருந்தால், மூன்றும் ஒன்றையொன்று கீழே இழுக்கும். இணைப்பும் சொடுக்கும் அதிகம் இருக்கும் ஒன்றைத் தெரிவு செய்து, மற்ற இரண்டிலும் உள்ள நல்ல பகுதிகளை அதற்குள் கொண்டுவாருங்கள். பின் மற்ற இரண்டையும் வரைவு நிலைக்கு மாற்றி, அவற்றின் முகவரிக்கு வருகிறவர் தெரிவு செய்த பதிவுக்கே போகும்படி நிரந்தர ரீடைரக்ட் போடுங்கள். பிளாகரில் அமைப்புகளில் பிழைகளும் ரீடைரக்டும் என்ற பகுதியில் தளத்தின் பெயரை விட்டுவிட்டு, சாய்கோட்டில் தொடங்கும் பகுதியை மட்டும் போட வேண்டும். நிரந்தரம் என்ற விசையையும் இயக்க வேண்டும். முழு முகவரியைப் போடுவதால்தான் பலருக்கு வேலை செய்வதில்லை.

முகவரியைச் சும்மா அழகுக்காக மாற்றவேண்டாம். பிளாகரில் தமிழ்த் தலைப்புக்குப் பிளாக் போஸ்ட் என்று ஓர் எண்ணோடு முகவரி விழுந்திருக்கும்; விட்டுவிடுங்கள், அதனால் பெரிய நட்டமில்லை. வேர்ட்பிரஸ்ஸில் சிக்கல் வேறு: முகவரித் துண்டுக்கு 200 இடம்தான், ஒரு தமிழ்க் குறியீடு 9 இடம் எடுக்கும். 22 குறியீட்டில் முகவரி முடிந்துவிடும். ‘கொ’ என்பதே இரண்டு குறியீடு. ஒரே சொற்றொடரில் தொடங்கும் தலைப்புகள் ஒரே முகவரியாகி, பின்னால் 2, 3 என்று எண் ஒட்டிக்கொள்ளும். இனி எழுதும் பதிவுகளுக்கு ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல்லில் முகவரி கொடுங்கள்.

அறிகுறி: சொடுக்கு விழுகிறது, வந்தவர் உடனே போய்விடுகிறார்

தோட்டத்து மேட்டில் நின்று, ஒரு கோடு சிக்னலில், டேட்டா கார்ட்டில் திறக்கிறவரை நினைத்துப் பாருங்கள். பழைய வார்ப்புருவின் பக்கப்பட்டையில் தமிழ்மணம், இன்ட்லி போன்ற திரட்டிகளின் ஓட்டுப்பட்டைகள், வருகை எண்ணிகள், கூகுள் பிளஸ் பொத்தான், ஃபீட்பேர்னர் மின்னஞ்சல் பெட்டி எல்லாம் இருக்கும். கூகுள் பிளஸ் 2019 இலும் ஃபீட்பேர்னரின் மின்னஞ்சல் சேவை 2021 இலும் நின்றுபோயின. செத்துப்போன சேவையகத்தின் பதிலுக்காகப் பக்கம் காத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொன்றாக நீக்கி, ஒவ்வொரு முறையும் பக்கத்தின் வேகத்தை அளக்கும் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் கைப்பேசி அளவைப் பாருங்கள். திரையில் மிகப் பெரிய படமோ பத்தியோ 2.5 வினாடிக்குள் தெரிந்தால் நல்லது.

படங்களை 1,200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி (WebP) வடிவில், 200 கிலோபைட்டுக்குள் ஏற்றுங்கள். வேறு தளத்தில் ஏற்றி இணைத்த படங்கள் காணாமல் போயிருக்கும்; ஃபோட்டோபக்கெட் 2017 இல் இலவசமாக வெளித்தளங்களில் படம் காட்டுவதை நிறுத்தியபோது பல பதிவுகள் வெறிச்சோடின. மூலப்படம் இருந்தால் சொந்தத் தளத்திலேயே ஏற்றுங்கள்.

முதல் பத்தியையும் பாருங்கள். ‘இயற்கை எழில் கொஞ்சும்’ என்று தொடங்கி நான்கு பத்தி கழித்துத்தான் பதில் வருகிறதென்றால், பதிலை மேலே தூக்குங்கள்.

அறிகுறி: திகதியை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை

நடக்காது. உள்ளே ஒன்றும் மாறாமல் திகதியை மட்டும் புதுப்பிப்பதைக் கூகுள் தன் வழிகாட்டலிலேயே தவறான பழக்கமாகச் சொல்கிறது. எழுதிய திகதியை அப்படியே விட்டுவிட்டு, மேலே ஒரு வரி சேருங்கள்: ‘2014 இல் எழுதியது, 2026 ஜனவரியில் சம்பள அட்டவணையும் பிரதேச சபை விவரமும் திருத்தப்பட்டன’. என்ன மாறியது என்று சொன்னால்தான் வாசகர் நம்புவார்.

அறிகுறி: திருத்தியாகிவிட்டது, வாட்சப்பில் பகிர்ந்தால் பழைய தலைப்பும் படமுமே வருகின்றன

முன்னோட்டம் சேமிப்பில் தங்கியிருக்கிறது. ஃபேஸ்புக்கின் பகிர்வுப் பிழைதிருத்தியில் முகவரியைக் கொடுத்து மீண்டும் படிக்கச் செய்தால் ஃபேஸ்புக்கில் சரியாகும். வாட்சப்பில் உங்கள் போனில் மட்டும் பழையது தங்கியிருக்கலாம். முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் ஏதாவது ஓர் எண்ணும் சேர்த்துப் பகிர்ந்தால் அது புதிய முகவரியாகக் கருதப்பட்டு முன்னோட்டம் புதிதாக எடுக்கப்படும். முன்னோட்டப் படம் பெரிதாக இருந்தால் சில போன்களில் படமே வராது என்பதால் அதைச் சிறிதாகவே வையுங்கள்.

பிறகு உங்கள் சொந்தப் புதிய பதிவுகளில் பொருத்தமான மூன்று நான்கிலிருந்து பழைய பதிவுக்கு இணைப்புக் கொடுங்கள். ‘இங்கே பார்க்க’ என்று எழுதாமல் ‘தோட்டத் தொழிலாளர் சம்பளம் ஆண்டுவாரியாக’ என்ற சொற்களிலேயே இணைப்பு இருக்கட்டும். 28 நாள் கழித்து, திருத்துவதற்கு முந்தைய 28 நாளோடு கன்சோலில் ஒப்பிடுங்கள். தோன்றும் எண்ணிக்கை ஏறிச் சொடுக்கு ஏறாவிட்டால் தலைப்புப் பகுதிக்குத் திரும்புங்கள். இரண்டும் அசையாவிட்டால் முகவரி ஆய்வில் கூகுள் கடைசியாக வந்துபோன திகதியைப் பாருங்கள். அது உங்கள் திருத்தத்துக்கு முந்தியதாக இருந்தால், அந்தத் திகதி மாறும்வரை பதிவில் வேறு எதையும் தொடாதீர்கள்.